அறிவிப்புக்கு முன் ஒரு வீடு சந்திப்பு

குரோம்பேட்டை வட்டாரத்துத் திருச்சபைகளின் ஆயர்களுக்கும், பாஸ்டர்களுக்கும், குருசேகரக் குழு உறுப்பினர்களுக்கும், மூப்பர்களுக்கும்



உங்களில் பலரை எனக்கு நேரில் தெரியும். சிலரோடு அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பலாப்பழத்துக்காக மல்லுக்கட்டியும் இருக்கிறேன். அந்த உரிமையில் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். சபையில் யாரை, எதற்காக, எந்த விதத்தில் கண்டிக்கிறோம் என்பதைப் பற்றித்தான் இந்த மடல். கண்டிப்பே கூடாது என்ற கட்சி அல்ல நான். தப்பைத் தட்டிக்கேட்க ஆளில்லாவிட்டால் அது சபையாக இருக்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடிப் பாட்டுப் பாடும் மன்றமாகத்தான் இருக்கும். என் வழக்கு வேறு. தன் வாழ்க்கையில் மட்டும் சறுக்கியவரிடம் நாம் அவசரப்படுகிறோம். அடுத்தவருக்குக் கேடு செய்தவரிடம் ஆண்டுக்கணக்கில் பொறுமை காட்டுகிறோம். இது தலைகீழாக இருக்கிறது.

அண்மையில் நம் வட்டாரத்து ஆலயம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். எந்த ஆலயம் என்று கேட்காதீர்கள். சொன்னால் மடல் அவர்களைப் பற்றியது என்று மற்றவர்கள் நிம்மதியாக மூடி வைத்துவிடுவீர்கள். ஆராதனையில் அறிவிப்பு நேரம். கலியாண ஓலை வாசித்து முடித்துவிட்டு, செயலர் அடுத்த தாளை எடுத்தார். சபையைச் சேர்ந்த ஒரு பெண் ஒரு இந்துப் பையனை ரெஜிஸ்டர் ஆபீசில் திருமணம் செய்துகொண்டதால், அவர் திருவிருந்தில் பங்குபெறுவதிலிருந்து விலக்கி வைக்கப்படுகிறார் என்று வாசித்தார். பெயர், தகப்பன் பெயர், தெருப் பெயர் எல்லாம் வந்தது. அந்தப் பெண் அன்று வரவில்லை. அவளுடைய அம்மா வந்திருந்தார், பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில். மடியில் பாமாலைப் புத்தகம். அதன் ரெக்சின் அட்டையின் ஓரத்தை நகத்தால் பிய்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்திலிருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் காணிக்கைக் கவரைத் தேடினார்கள். செயலர் அதே மூச்சில், பெண்கள் ஐக்கிய சங்கத்தின் பிரியாணி டோக்கன் ஆலய வாசலில் கிடைக்கும் என்றார்.

பிறகு ஒரு மூப்பரிடம், அந்தப் பெண்ணை யாராவது போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "லெட்டர் அனுப்பியாச்சே அண்ணாச்சி, வாட்ஸ்அப்லயும் போட்டோமே" என்றார். அவர் கெட்டவர் அல்ல. ஆஸ்பத்திரியில் யாராவது படுத்தால் முதலில் ஃபிளாஸ்க்கோடு போய் நிற்பவர் அவர்தான். ஆனால் அந்தப் பெண் குடியிருக்கும் வாடகை வீடு ஆலயத்திலிருந்து நடக்கும் தூரம். யாரும் நடக்கவில்லை.

மத்தேயு சுவிசேஷம் 18-ஆம் அதிகாரம் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலில் தனியாகப் போய்ப் பேச வேண்டும். கேட்காவிட்டால் ஓரிருவரோடு போக வேண்டும். அதற்குப் பிறகே சபைக்கு முன் கொண்டுவர வேண்டும். நாம் கடைசிப் படியில் ஏறி நின்றுகொண்டு, முதலிரண்டு படிகளை நிர்வாக வசதிக்காகத் தாண்டிவிட்டோம். கத்தோலிக்கச் சகோதரர்களிடம் இதில் ஒரு பாடம் இருக்கிறது. ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதைக் குருவானவர் வெளியே சொன்னால், திருச்சபைச் சட்டப்படி அவரே விலக்குக்கு உள்ளாவார். அங்கே பாவம் காதோடு காதாக முடிகிறது. நம்மிடம் மைக்கில் தொடங்குகிறது.

விலக்கி வைக்கும் இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்ததுதான். திருநெல்வேலிச் சீமையில் எங்கள் பெரியவர்கள் காலத்துக் கிறிஸ்தவ ஊரில் ஒரே கோயில், ஒரே மணி. உபதேசியார் அதே தெருவில் இருப்பார். யார் வீட்டில் சண்டை, யார் குடித்துவிட்டு வந்தார் என்பது அவருக்கு விடியும் முன் தெரியும். ஊர்ப் பெரியவர்களோடு திண்ணையில் உட்கார்ந்து பேசித் தீர்ப்பார்கள். அதற்கும் அடங்காவிட்டால் அபராதம், அதற்கும் மேலே சபை நீக்கம். நீக்கிவிட்டால் அவர் வீட்டுக் கலியாணத்துக்குப் பந்தக்கால் பிடிக்க ஆள் வராது, சாவுக்குக் குழி வெட்ட ஆள் வராது. அதில் அநியாயமும் நிறைய இருந்தது. அந்த ஊரை நான் பொற்காலமாக்கவில்லை. ஆனாலும் தண்டித்தவருக்கும் தண்டனை பெற்றவருக்கும் நடுவில் ஒரு தெரு அகலம்தான் தூரம் இருந்தது.

குரோம்பேட்டை அந்த ஊர் இல்லை. இங்கே நாசரேத்துக்காரர், மார்த்தாண்டத்துக்காரர், தஞ்சாவூர் லுத்தரன் குடும்பம், வடஆற்காட்டிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் பழைய ஆயரின் மாற்றுக் கடிதத்தோடு வந்து சேர்ந்தோம். பக்கத்து பெஞ்சில் பத்து வருஷமாக உட்காருபவரின் தொழில் நமக்குத் தெரியாது. ராதா நகர், நியூ காலனி, அஸ்தினாபுரம், நெமிலிச்சேரி என்று எந்தத் தெருவுக்குள் போனாலும் மாடியில் தகர ஷெட் போட்டு, கீபோர்டு வைத்து ஒரு சபை நடக்கிறது. தெற்கே இரும்புலியூரில் பெந்தெகொஸ்தே மிஷனின் தலைமையகமே இருக்கிறது. இங்கே ஒருவரை விலக்கி வைத்தால் என்ன ஆகும்? அடுத்த ஞாயிறே ஷேர் ஆட்டோவில் இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கி இன்னொரு சபையில் கைதட்டிப் பாடிக்கொண்டிருப்பார். அங்குள்ள பாஸ்டரும் ஏன் வந்தாய் என்று கேட்க மாட்டார். ஆத்துமா ஒன்று கிடைத்தது என்று சாட்சி சொல்வார்.

விலக்கும் அதிகாரம் இந்த ஊரில் செல்லாக்காசு. அதை வைத்துக்கொண்டு இன்னும் எதையோ வாங்கிவிடலாம் என்று நினைக்கிறோம். போய்ப் பார்ப்பது, பேசுவது, மறுபடியும் போவது, இவற்றால் ஆகாதது இங்கே அறிவிப்பால் ஆகாது.

நம் ஊர்ப் பெயர் சேம்பர்ஸ் குடும்பத்தாரின் குரோம் லெதர் தொழிற்சாலையால் வந்தது. ஆவாரம்பட்டையில் தோலை ஊறவைத்துப் பதப்படுத்த வாரக்கணக்கில் ஆகும். குரோம் உப்பில் ஓரிரு நாளில் வேலை முடியும். அந்த வேகத்துக்கு நாகல்கேணியும் பம்மலும் கொடுத்த விலை என்ன என்பதை அங்கே கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க முடியாமல் போனவர்கள் சொல்வார்கள். அவசரமாகக் கண்டித்து முடித்த குடும்பங்களில் அடுத்த தலைமுறையைப் பாருங்கள். அந்தக் கசப்பு அடியில் தங்கியிருப்பது தெரியும்.

விலக்கி நிறுத்திய பழைய கதை ஒன்று சொல்கிறேன். பாளையங்கோட்டைக்காரர்கள் 'பாப்பாத்தி அம்மாள் கோயில்' என்று சொல்லும் ஆலயம் ஒன்று உண்டு. அதைக் கட்டிய குளோரிந்தா ஒரு மராட்டியப் பிராமண விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரியோடு வாழ்ந்தார். கிறிஸ்தவத்தை அவனிடம்தான் கற்றார். ஞானஸ்நானம் கேட்டு மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் போனபோது, மணமாகாமல் வாழ்வதால் அவர் மறுத்துவிட்டார். மணந்துகொள்வதாகச் சொல்லிக் காலம் கடத்தியவன் அந்த அதிகாரி. வாசலில் நிறுத்தப்பட்டவள் அவள். அவனுடைய ஞானஸ்நானத்தை யாரும் கேள்வி கேட்டதாகத் தெரியவில்லை. அவன் செத்த பிறகு, 1778-ல் ஷ்வார்ட்ஸ் பாளையங்கோட்டைக்கு வந்தபோதுதான் அவளுக்கு ஞானஸ்நானம் கிடைத்தது. 1780-ல் எழுதிய சபைப் பதிவேட்டில் 40 பெயர்கள். முதல் பெயர் அவளுடையது. 1785-ல் அவள் முயற்சியில் எழுந்த ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்ய வந்தவரும் அதே ஷ்வார்ட்ஸ்தான்.

ஐயர் மறுத்தது சரியா என்று எங்கள் பக்கம் இன்றும் இரண்டு கட்சி உண்டு. எனக்கு அவர் மேல் மரியாதை குறையவில்லை. ஆனால் திருநெல்வேலிச் சபையின் முதல் பெயரே, சபை விலக்கி நிறுத்திய ஒரு பெண்ணின் பெயர் என்பதை நம் ஒழுங்கு நடவடிக்கைக் குழுக்கள் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். அவள் அடுத்த சபைக்குப் போகவில்லை, காத்திருந்தாள் என்று சொல்வீர்கள். போவதற்கு அன்று அடுத்த சபை இல்லை.

அடுத்த சபை வந்த பிறகு என்ன நடந்தது என்பதையும் வரலாறு எழுதி வைத்திருக்கிறது. 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் தென்னிந்தியச் சபைகளுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். சாதி வேறுபாட்டைச் சபைக்குள் உடனே, முழுவதுமாக விட வேண்டும். தனித்தனியாக உட்காருவதும், திருவிருந்துக்கு வரிசை பார்த்து வருவதும் இனி இருக்கக்கூடாது என்பது ஆணை. சொன்ன விஷயம் நூற்றுக்கு நூறு நியாயம். ஆனாலும் வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் திருச்சியிலும் சபையார் கூட்டமாக வெளியேறினார்கள். அதற்கு முன்பே, 1820-களில், புதிய மிஷனரிகளோடு இதே சாதி ஆசாரத்துக்காக மோதி மிஷன் வேலையை இழந்தவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதிய அதே சாஸ்திரியார். அவர் பாட்டுகளைப் பாடி வளர்ந்த எனக்கு இதை எழுதச் சங்கடமாகத்தான் இருக்கிறது. இந்த விஷயத்தில் அவர் பக்கம் நியாயமில்லை. 1840-களின் தொடக்கத்தில் லைப்சிக் லுத்தரன் மிஷனின் முதல் மிஷனரி தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். அந்த மிஷன் சாதி விஷயத்தில் கெடுபிடி காட்டாது என்று தெரிந்ததும், தஞ்சைப் பக்கத்துக் குடும்பங்கள் பல அங்கே போய்ச் சேர்ந்தன. நம் ஷேர் ஆட்டோவின் பூர்வீகம் அது.

இந்த இடத்தில் என்னை மடக்கலாம். மெதுவாகப் போ, வீட்டுக்குப் போய்ப் பேசு என்கிறாயே, ஷ்வார்ட்ஸ் காலத்திலிருந்து சாதி விஷயத்தில் அப்படித்தானே மெதுவாகப் போனார்கள், அதனால்தானே ஆலயத்துக்குள்ளேயே தனித்தனி இடம் நிலைத்தது என்று கேட்கலாம். சரியான கேள்வி. என் பதில் இதுதான்: ஒருவருடைய தனி வாழ்க்கைச் சறுக்கலுக்குப் பொறுமை காட்டினால் நஷ்டம் யாருக்கும் இல்லை. அடுத்தவரை மிதிக்கிற தப்புக்குப் பொறுமை காட்டினால், அந்தப் பொறுமைக்கான விலையை மிதிபட்டவர்தான் கொடுக்கிறார். வில்சனின் அவசரம் அந்த வகையில் சரி. கல்கத்தாவிலிருந்து வந்த காகிதத்தோடு நிறுத்தாமல், 1835-ல் அவரே தெற்கே நேரில் வந்தார் என்பதையும் அவர் கணக்கில் வரவு வைக்க வேண்டும்.

வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயத்தை நினைத்துப் பாருங்கள். பீடத்தில் வந்து சேரும் இரண்டு கிளைகளாகக் கட்டி, வெள்ளாளருக்கு ஒன்று, நாடாருக்கு ஒன்று என்று நடுவில் சுவர் வைத்திருந்தார்கள். 1910-ல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. தங்களுக்குத் தனி இடத்துக்கு உரிமை உண்டு என்று ஒரு தரப்பு ஆயர் மேல் வழக்குப் போட்டு, சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. மைக்கேல் பிள்ளை எதிர் பார்த் என்று சட்டப் புத்தகங்களில் இருக்கும் வழக்கு அது. வீடு வீடாகப் போய்க் கெஞ்சிக்கொண்டிருந்தால் அந்தச் சுவர் இன்னும் நின்றிருக்கும். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துச் சாதிச் சுவருக்கு எத்தனை தலைமுறை பொறுமை காட்டினார்கள் என்பதையும் அறிவீர்கள்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று போதும். 1982-ல் கனடாவின் ஒட்டாவாவில் உலகச் சீர்திருத்தச் சபைகளின் கூட்டமைப்பு கூடியது. நிறவெறியை வேதபூர்வமாக நியாயப்படுத்துவது வேதப்புரட்டு என்று அறிவித்து, தென்னாப்பிரிக்காவின் இரண்டு வெள்ளைக்காரச் சபைகளின் உறுப்பு உரிமையை நிறுத்தி வைத்தது. அந்தக் கூட்டத்தில் தென்னாப்பிரிக்கப் பிரதிநிதிகள் சிலர், எங்கள் நாட்டில் எங்களோடு பந்தியில் உட்காராதவர்களோடு இங்கே திருவிருந்தில் சேர மாட்டோம் என்று ஒதுங்கி நின்றார்கள். அந்த மறுப்பு மேலே இருந்தவர்களிடமிருந்து வரவில்லை. மிதிபட்டவர்களிடமிருந்து வந்தது. நம் சபைகளில் திருவிருந்தை மறுக்கும் உரிமை எப்போதும் மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்பவரிடமே இருக்கிறது.

அந்தியோகியாவில் பேதுருவைப் பவுல் எல்லோர் முன்னிலையிலும் கண்டித்ததும் இதே பந்தி விஷயத்துக்காகத்தான். புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், ஆட்கள் வந்ததும் எழுந்து ஒதுங்கினார். பவுல் தனியாகக் கூப்பிட்டுப் பேசவில்லை. தாவீதிடம் நாத்தான் போனபோதும் அவர் காப்பாற்ற நினைத்தது ராஜாவின் மானத்தை அல்ல, உரியா செத்துப்போயிருந்தான். தனியாகப் பேச வேண்டியது எது, சபையில் கேட்க வேண்டியது எது என்பதற்கு வேதத்திலேயே அளவுகோல் இருக்கிறது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். வேறு மதத்துப் பையனைக் கட்டிக்கொண்ட பெண்ணுக்கு அறிவிப்பு வாசித்தோம். ஒரே ஆலயத்தில், ஒரே கிண்ணத்தில் பங்குபெறும் இரண்டு குடும்பங்களில், சாதி பொருந்தவில்லை என்று ஒரு வரனைத் திருப்பி அனுப்பிய தகப்பனுக்கு யாராவது ஓர் அறிவிப்பு வாசித்தோமா? ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரின் வரன் பத்தியில் சபைப் பெயருக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயரும் அச்சாகிறது. அதை நாம் ஒழுங்கீனம் என்று எண்ணுவதே இல்லை.

பணமும் தேர்தலும் இன்னொன்று. குருசேகரத் தேர்தல் வந்தால் அணி, பேனல், நோட்டீஸ், ராத்திரி வேன். சந்தா பாக்கியைக் காட்டி ஓட்டுரிமையை வெட்டுவதில் நமக்கு இருக்கும் நுணுக்கம் வருமான வரித்துறைக்கு இருக்காது. மேலேயும் இதே கதைதான். தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை நீதிமன்றம் நியமித்த நிர்வாகிகளைப் பார்த்திருக்கிறது. 2024-ல் தென்னிந்தியத் திருச்சபையின் சினாட் விவகாரத்தில் ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரை சென்னை உயர் நீதிமன்றம் நியமிக்க, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் பிறந்த அந்தச் சபையின் அமைப்புச் சட்டத்தில் ஒழுங்கைப் பற்றித் தனி அதிகாரமே இருக்கிறது. தங்களுக்குள் தீர்க்காமல் கோர்ட்டுக்குப் போன கொரிந்தியர்களைப் பவுல் வெட்கப்படுத்தினார். நம்மை வெட்கப்படுத்த யாரும் மிச்சமில்லை.

பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் மத்தேயு 18-ஐத் தயவுசெய்து எடுக்காதீர்கள். ஞாயிறு பள்ளியிலோ, விடுதியிலோ, விடுமுறை வேதாகமப் பள்ளியிலோ ஒரு குழந்தையிடம் யாராவது தவறாக நடந்தால், "முதலில் தனியாகப் பேசுவோம், சபைக்குள் முடித்துக்கொள்வோம்" என்ற பேச்சுக்கே இடமில்லை. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் எவரும் காவல் துறைக்குச் சொல்லியாக வேண்டும், மறைப்பதும் குற்றம். அந்தக் குழந்தையின் வீட்டுக்கு ஜெபம் பண்ணப் போங்கள், சமரசம் பேசப் போகாதீர்கள்.

பாஸ்டர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களிடம் குழுவும் இல்லை, தேர்தலும் இல்லை. அந்தத் தலைவலி இல்லாதது நல்லதுதான். ஆனால் தனியாக வந்து அழுதவர் சொன்ன விஷயம் அடுத்த வாரம் பிரசங்கத்தில் 'ஒரு சகோதரி' என்று வரும்போது, சபை முழுவதற்கும் அந்தச் சகோதரி யார் என்று தெரிந்துவிடுகிறது. உங்களைத் தட்டிக்கேட்க உங்கள் சபையில் யார் இருக்கிறார்கள்? மனைவியையும் மைத்துனரையும் தவிர்த்துப் பதில் சொல்லுங்கள்.

கொரிந்துச் சபைக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தில் ஒருவனை விலக்கச் சொன்னார். இரண்டாம் நிருபத்தில், தண்டித்தது போதும், துக்கத்தில் மூழ்கிவிடாதபடி அவனை மன்னித்து அணைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அதே ஆள்தானா என்று வேத பண்டிதர்கள் வாதாடட்டும். நம்மிடம் முதல் நிருபம் மட்டும் அமலில் இருக்கிறது. விலக்கிய அறிவிப்பு மைக்கில் வரும். திரும்பச் சேர்த்துக்கொண்டது குழுவின் மினிட் புத்தகத்தில் ஒரு வரியாக முடியும். அதற்கும் மன்னிப்பு விண்ணப்பம், கையெழுத்து, நிலுவைச் சந்தா.

நான் கேட்பது பெரிதல்ல. யாருடைய பெயரையும் வாசிக்கும் முன், அவரை அறிந்த இரண்டு பேர், முடிந்தால் அதில் ஒரு பெண், வீட்டுக்குப் போய்வந்ததாக மினிட் புத்தகத்தில் இருக்கட்டும். போனவர்கள் கேட்டது என்ன என்பதும் அதில் இருக்கட்டும். சொல்லிவிட்டு வந்தது மட்டும் போதாது. விலக்கினால் எந்தத் தேதிவரை என்று அன்றே சொல்லுங்கள். குழு உறுப்பினர் மேல் புகார் இருந்தால் அதைக் குழுவே விசாரிக்க வேண்டாம். பக்கத்துக் குருசேகரத்திலிருந்து இரண்டு பேரைக் கூப்பிடுங்கள். ஆலயக் கணக்கைத் தணிக்கை செய்த தாளை, கலியாண ஓலையை ஒட்டும் அதே பலகையில் ஒட்டுங்கள். வேறு சபையிலிருந்து ஒருவர் மனம் கசந்து உங்களிடம் வந்தால், சாட்சி சொல்ல வைக்கும் முன் அவருடைய பழைய ஆயருக்கு ஒரு போன் போடுங்கள். இந்த வட்டாரத்து ஆயர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் எண் வைத்திருக்கிறீர்கள். கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்புகிறீர்களே.

அடுத்த குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைக் கட்டட நிதிக்கு முன்னால் வையுங்கள். பின்னால் வைத்தால் டீ வந்துவிடும், பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள்.

கிறிஸ்துவுக்குள்,
அஸ்தினாபுரத்திலிருந்து ஒரு சபை அங்கத்தினன்